இன்று நம்ம கிச்சனில்

உன் செய்தி வந்தது. கடைசியில் கைகூப்பிய படம் ஒன்றும் போட்டிருந்தாய். "மா, உங்கள் மனவருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம். இதைப் பொதுவில் பேச வேண்டாம், தனியாகப் பேசலாம்" என்று எழுதியிருந்தாய். புரிந்துகொள்கிறோமாம்! உன்னோடு வேறு யார் சேர்ந்து புரிந்துகொண்டார்கள்? பெற்றவளுக்கு எழுதும்போதுகூட உனக்கு 'நான்' என்று எழுதக் கை வரவில்லை. போனில் பதில் எழுதினால் நீ பாதி படித்துவிட்டு இன்னொரு கைகூப்பிய படம் அனுப்புவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கோலாலம்பூரில் உனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, சந்தோஷம். புது மேசையில் உட்கார்ந்து இதை முழுதாகப் படி.

தேவகியின் முகநூல் பக்கத்தில் நான் எழுதுவதை நிறுத்தச் சொல்கிறாய். போனது போகட்டும் என்று விடச் சொல்கிறாய். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், சோபாவில் சாய்ந்துகொண்டு "ஏய், புள்ளைய விடுலா, பாவம்" என்கிறார். நான் விடப்போவதில்லை. போன தைப்பூச விரத காலத்தில் என் அடுப்படி சுத்தமாக இருந்தது என்று இந்த ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். அது அழுக்கு என்று ஊரை நம்ப வைத்தவர்கள் அதே ஊருக்கு முன்னால் தலைகுனிய வேண்டும். அதில் முதல் ஆள் தேவகி. இரண்டாவது ஆள் யார் என்று உனக்கே தெரியும்.

நீ இந்த விளம்பரக் கம்பெனி வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? சனி ஞாயிறில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வருவாய். குழம்பு கொதிப்பது, அப்பளம் பொரிவது, நான் கரண்டி பிடித்திருப்பது என்று எல்லாவற்றையும் எடுப்பாய். நம் கேட்டரிங் கடைக்கு முகநூலில் பக்கம் ஆரம்பித்ததும் நீதான். அதுவரை யாராவது போனில் சாப்பாடு கேட்டால் "வாங்க தம்பி, சாப்பிட்டாச்சா, எத்தனை பேருக்கு?" என்று குரல் செய்தி அனுப்புவேன். நீ அதெல்லாம் கூடாது என்றாய். "மா, இது பிசினஸ் மா. 'நாங்கள்'னு எழுதணும். 'தங்கள் ஆர்வத்திற்கு நன்றி'ன்னு எழுதணும்" என்றாய். கடையில் இருப்பது நானும் வெங்காயம் உரிக்கிற முனியம்மாவும்தான், இதில் எங்கேயடா 'நாங்கள்' என்று கேட்டேன். நீ சிரித்தாய். முனியம்மாவும் சிரித்தாள். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

எல்லாப் படத்துக்கும் மேலே 'இன்று நம்ம கிச்சனில்!' என்று எழுதுவாய். என்றைக்கோ எடுத்த படத்துக்கு எதற்கு 'இன்று' என்று கேட்டேன். "அப்பதான்மா ஃப்ரெஷ்ஷா இருக்கும். பழைய படம்னு தெரிஞ்சா எவன் பாப்பான்? ஊர்ல எல்லாக் கடையும் இப்படித்தான் செய்யுது" என்றாய். சோறு நேற்றைய சோறாக இருந்தால் இன்றைய சோறு என்று சொல்லி நான் யாருக்கும் போட்டதில்லை. ஆனாலும் படித்த பிள்ளை சொல்கிறானே என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு உண்டானதை ஒரே மூச்சில் எழுதி வைத்துவிட்டுப் போவாய். ஷெட்யூல் என்பாய். "போட்டு வச்சிட்டா போதும்மா. நாம மறந்தாலும் அது மறக்காது. நேரம் வந்தா தானாப் போயிடும்" என்பாய்.

தானாகத்தான் போனது. விரத காலத்தின் நடுவில் ஒரு காலை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கிற குடும்பங்களுக்கு என் அடுப்படியிலிருந்துதான் தினமும் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நம் பக்கத்தில் ஆட்டுக்கறி வறுவல் வீடியோ வந்து நின்றது. தீபாவளிக்கு நீ எடுத்தது. எண்ணெய் மிதக்க, எலும்பும் கறியுமாகக் குவாலிச் சட்டியில் புரள்கிறது. மேலே உன் எழுத்து, 'இன்று நம்ம கிச்சனில்!'

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? விரதம் தொடங்குவதற்கு முந்தின நாள் கவுச்சிப் பாத்திரம் ஒன்றுகூட என் அடுப்படியில் இருக்காது. கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்தது எல்லாம் கவுச்சி. அத்தனையையும் சாக்கில் கட்டி, வேனில் ஏற்றி, கடல் பாலம் தாண்டி செபராங் ஜெயாவில் உன் மாமா வீட்டு ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவோம். அதற்குப் பிறகு அடுப்படியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, விளக்கேற்றித்தான் முதல் உலை. சின்ன வயதில் அந்த வேனில் சாக்குமூட்டைகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்து, பாலத்தில் போகும்போது கப்பல் பார்த்துக்கொண்டே வருவாய். அந்த வீடியோவில் இருக்கிற குவாலிக்குச் சிவப்புக் கைப்பிடி. அது உன் மாமா வீட்டு ஸ்டோரில் சாக்குக்குள் கிடந்தபோது, உன் எழுத்து அதை என் அடுப்பில் தூக்கி வைத்துவிட்டது.

தேவகிக்கு இது தெரியாது என்று சொல்ல முடியுமா? என் கடையில் என்னோடு நின்று சமைத்தவள். தொழில் பழகிக்கொண்டு பக்கத்துத் தெருவில் தனிக்கடை போட்டவள். போகும்போது ஆசீர்வாதம் பண்ணித்தான் அனுப்பினேன். அந்தக் கைப்பிடிகளுக்குச் சிவப்பு அடித்ததே அவள்தான். வருஷா வருஷம் சாக்கு கட்டினதும் அவள்தான். அந்த வீடியோவைப் பார்த்த மாத்திரத்தில் பழையது என்று அவளுக்குப் புரிந்திருக்கும். அப்படியும் அதைப் படம் பிடித்துத் தன் பக்கத்தில் போட்டாள். 'விரதம் இருக்கும் சகோதர சகோதரிகளே, சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். யார் பெயரையும் சொல்ல விரும்பவில்லை' என்று எழுதினாள். பெயர் எதற்குச் சொல்ல வேண்டும்? படத்தின் மூலையில் நம் கடைப் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறதே. பாதகி! ஊரே அதை வாங்கி ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டது.

அதுவரைக்கும்கூட நான் சமாளித்திருப்பேன். வாசலில் நின்று, மாமா வீட்டு ஸ்டோரைத் திறந்து காட்டி, கத்தியாவது உண்மையைச் சொல்லியிருப்பேன். நீ என்ன செய்தாய்? ஆபீஸில் உட்கார்ந்தபடியே வீடியோவை அழித்தாய். அழித்ததைப் பார்த்ததும் திருட்டு வெளிப்பட்டுவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் கடைப் பெயரில், மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்டாய். 'ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். இனி எங்கள் தரத்தை மேம்படுத்திக்கொள்வோம்.' நான் பாசாரில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பூக்காரி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாலக்கா, தப்பு எல்லாரும் செய்றதுதான். நீங்களாவது மன்னிப்பு கேட்டீங்களே" என்றாள். என்ன மன்னிப்பு, யார் கேட்டது என்று நான் முழித்தேன். நான் செய்யாத குற்றத்தை நான் ஒப்புக்கொண்ட செய்தி எனக்குப் பூக்காரி சொல்லித் தெரிந்தது.

உனக்குப் போன் போட்டேன். "பதற்றப்படாதீங்கம்மா. மன்னிப்பு கேட்டா சூடு அடங்கிடும். எல்லா கம்பெனியும் இப்படித்தான் செய்யும். ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க" என்றாய். சூடு அடங்கியது உண்மைதான், என் அடுப்பே அடங்கிவிட்டது. காவடிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக விலகிப் போய்த் தேவகியிடம் சாப்பாடு எடுத்தன. லெட்சுமி அக்காவின் மகனை உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காகக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, என் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் தொடாமல் இருந்தவன். விரதம் கெட்டுவிட்டது என்று அந்த வருஷம் அவன் காவடி எடுக்கவில்லை. லெட்சுமி அக்கா என் வாசலில் வந்து நின்று அழுதாள். அப்படி எதுவும் நடக்கவில்லை அக்கா, முருகன் மேல் ஆணை என்றேன். "நீங்களே மன்னிப்பு கேட்டிருக்கீங்களே தங்கச்சி. நடக்காததுக்கு யாராச்சும் மன்னிப்பு கேப்பாங்களா?" என்றாள்.

தைப்பூசத்தன்று மலைக்குப் போனேன். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வழியில் தேவகி தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தாள். புதுப் பட்டுப்புடவை, தோளில் துண்டு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையில் டம்ளரைத் திணித்தாள். "குடிங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க. சுத்தமான மோர்லா" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிச் சிரித்தார்கள். அந்த மோரை அவள் முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும். கோயில் வாசல் என்று பொறுத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அழ வேண்டும், தம்பி. நான் அழுத மாதிரி, ஊர் பார்க்க அழ வேண்டும். தாய் இப்படியெல்லாம் எழுதுகிறாளே என்று உனக்கு அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் வருகிற ஒவ்வொன்றுக்கும் கீழே நான் எழுத ஆரம்பித்தேன். 'அந்த ஆட்டுக்கறி வீடியோ தீபாவளிக்கு எடுத்தது. தேவகிக்குத் தெரியும்.' அதே வரிதான். கேசரி போட்டாலும் எழுதினேன், பிறந்தநாள் வாழ்த்துக்கும் எழுதினேன். கொஞ்ச நாளாக அந்தப் பக்கத்தின் எழுத்தே மாறியிருந்தது. மட்டுமரியாதை கூடியிருந்தது. 'அக்கா, உங்கள் மனவருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம். இதைப் பொதுவில் பேச வேண்டாம், தனியாகப் பேசலாம்' என்று எனக்குப் பதில் வந்தது, கைகூப்பிய படத்தோடு. தேவகிக்கு இப்படி எழுத வராதே, ஆள் வைத்திருக்கிறாள் போல என்று நினைத்தேன். மறுபடி எழுதினேன். பக்கமே என் போனில் காணாமல் போய்விட்டது. தடை பண்ணிவிட்டார்கள்.

அதற்கு அடுத்தாற்போல்தான் உன் செய்தி வந்தது. எழுத்துக்கு எழுத்து அதே வரி. 'அக்கா' இருந்த இடத்தில் 'மா' மட்டும்தான் புதிது. நான் உனக்குப் போன் போட்டதை நீ மறந்திருக்க மாட்டாய்.

"தேவகி பக்கத்த நீதான் பாக்குறியா?" என்றேன்.

"மா… அது கம்பெனி கிளையண்ட்மா. நான் தேடிப் போகல. எனக்குக் குடுத்தாங்க."

"மாட்டேன்னு சொல்ல வாய் இல்லையா?"

"இப்பதான்மா பதவி உயர்வு குடுத்திருக்காங்க. எப்படிச் சொல்றது?"

"என்னைத் தடை பண்ணது?"

"அது கம்பெனி ரூல்மா. ஒரே ஆள் திரும்பத் திரும்ப கமெண்ட் போட்டா தடை பண்ணணும்" என்றாய். ஒரே ஆளாம். நான் போனை வைத்துவிட்டேன். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். உன் மகன் என்னை ரூல்படி வெளியே தள்ளிவிட்டான் என்றேன்.

இத்தோடு நின்றிருந்தால் நான் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, தீபாவளிக்கு முறுக்கும் அனுப்பியிருப்பேன். ஆனால் அப்பாவின் போனில் அந்தப் பக்கம் இன்னும் வருகிறது. மீன் பிடிக்கிற வீடியோவுக்கு நடுவில் அவர் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தவர், "இங்க பாரு, இந்த வருஷ விரதச் சாப்பாட்டுக்கு அவ புக்கிங் ஆரம்பிச்சுட்டா" என்று காட்டினார். 'இன்று நம்ம கிச்சனில்!' என்று போட்டு, பரங்கிக்காய் சாம்பார் கொதிக்கிற படம். கரண்டி பிடித்த ஒரு கை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு.

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியிருக்கிறது போலிருக்கிறது. உன் எஸ்.பி.எம். பரீட்சை ரிசல்ட் வந்த அன்று நீ பள்ளியிலிருந்து போன் பண்ணினாய். பாயசப் பானையை இறக்கிக்கொண்டிருந்தேன். "மா, பாஸ் ஆயிட்டேன்! எல்லாத்துலயும் ஏ!" என்று நீ கத்தியதும் நான் துள்ளினேன். பானை சரிந்து கையில் கொட்டியது. வெந்த கையோடு ஊருக்கெல்லாம் போன் போட்டு உன் ரிசல்ட்டைச் சொன்னேன். க்ளினிக்கில் கட்டுப் போட்ட நர்ஸிடம்கூடச் சொன்னேன். அந்தக் கைதான் இப்போது தேவகியின் கிச்சனில் சாம்பார் கிண்டுகிறது. உன்னிடம் கிடந்த பழைய படங்களில் அவசரத்துக்கு ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறாய். வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால், அது என் கை என்றாவது உனக்குத் தெரிந்திருக்கும்.

அந்தப் படத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவின் போனில் ஒன்று, என் போனில் ஒன்று, உன் மாமாவிடம் ஒன்று. அதன் பிறகு செபராங் ஜெயாவில் சிறு வியாபாரிகளுக்கு நடத்துகிற வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு ஒரு பக்கம் நாசி லெமாக் விற்கிற மலாய்க்கார அம்மா, இன்னொரு பக்கம் கேக் சுடுகிற சீனப் பெண். சொல்லிக்கொடுக்கிற பெண் உன் வயசுதான் இருக்கும். "ஆன்ட்டி ரொம்ப வேகமாப் புடிச்சிக்கிறீங்க" என்றாள். என் மகன் இந்தத் தொழிலில் பெரிய ஆள் என்றேன். பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது, பக்கத்திலிருந்து பழைய ஆளை எப்படி எடுத்துவிடுவது, இரண்டு படத்தை எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, எல்லாம் கற்றுக்கொண்டேன். நம் கடைப் பக்கத்துக்குள் இனி நீ நுழைய முடியாது. நுழையப் பார்த்திருப்பாய். முடியாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஒரு பதிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தேவகி போட்ட படம். இன்னொரு பக்கம் என் கை, அதே தழும்போடு, அதே கரண்டியோடு. முனியம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். 'இன்று தேவகியின் கிச்சனில் கிண்டுகிற இந்தக் கை என்னுடையது. என் அடுப்படியில் பழைய கறியை இன்றைய கறி என்று எழுதியவன்தான் இதையும் எழுதினான். பழையது என்று தெரிந்தே அதைப் பரப்பியவள்தான் இன்று அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறாள். அவன் என் மகன்.' கீழே உன் முழுப்பெயர். 'நாங்கள்' கிடையாது. 'நான்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

இது போனால் தேவகியிடம் ஒரு காவடி வீட்டாரும் சாப்பாடு எடுக்க மாட்டார்கள். உன் கம்பெனியும் உன்னைச் சும்மா விடாது. தெரிந்துதான் செய்கிறேன். அப்பா இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "பெத்த புள்ளடி" என்கிறார். பெற்ற பிள்ளை என்பதால்தான் உனக்கு ஒரு வழி விட்டிருக்கிறேன், தேவகிக்கு அதுவும் இல்லை. உன் சொந்தப் பெயரில், எல்லோரும் பார்க்க எழுது. வீடியோ பழையது, 'இன்று' என்று எழுதியது நான், என் அம்மாவைக் கேட்காமல் அவர் பெயரில் மன்னிப்புக் கேட்டதும் நான், அவர் அடுப்படியில் ஒரு குற்றமும் நடக்கவில்லை என்று எழுது. எழுதிவிட்டு லெட்சுமி அக்கா வீட்டுக்கு நேரில் போய், அவள் மகனிடமும் சொல். அதைச் செய்தால் என் பதிவிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவேன். தேவகியின் பெயர் இருக்கும்.

கெடு எப்போது என்று கேட்பாய். இந்த வருஷமும் கவுச்சிப் பாத்திரங்கள் வழக்கம்போலப் பாலம் தாண்டிப் போகும். மறுநாள் காலை, விரதக்காரர்கள் குளித்துவிட்டு முதல் சாப்பாட்டுக்கு எங்கே சொல்லலாம் என்று போனைத் திறக்கிற நேரத்துக்கு, அந்தப் பதிவை ஷெட்யூல் பண்ணி வைத்திருக்கிறேன். நான் மறந்தாலும் அது மறக்காது. கடைசி நிமிஷத்தில் எனக்கு மனசு இளகி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாலும், நேரம் வந்தால் தானாகப் போய்விடும். நீ சொல்லிக் கொடுத்ததுதான்.

நாளை பாசாருக்குப் போகிற வழியில் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன். விரைவுத் தபாலில் அனுப்பினால் சீக்கிரம் உன் கைக்கு வந்துவிடும், யோசிக்க உனக்கு நேரம் கிடைக்கும், அதையாவது செய் என்று அப்பா கெஞ்சுகிறார். என் பெயரில் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் நீ எனக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாய் என்று நினைத்துப் பார்த்தேன். சாதாரண ஸ்டாம்ப்தான் ஒட்டியிருக்கிறேன்.

அம்மா